இசைப் பட்டம் படிக்கச் சேர்ந்தபோது நான் கேட்காமல் விட்டவை

சேருவதற்கு முன் நான் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். வகுப்பு எப்போது நடக்கும்? சனி, ஞாயிறு, இரண்டு நாளும் சேர்த்துப் பத்து மணி நேரம் என்றார்கள். வீட்டுக்கு வந்து கணவரிடம் அதையே சொன்னேன். "வாரத்துக்குப் பத்து மணி நேரம்தாங்க. மூணு வருஷம்." அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "பத்து மணி நேரம்தானே, பார்த்துக்கலாம், சேர்ந்துடு" என்றார். அப்போது எனக்கு வயது 39. மகளுக்கு 11, மகனுக்கு 5. நாள் முழுக்கத் தொலைபேசியில் வாடிக்கையாளர்களிடம் பேசுகிற வேலை. சின்ன வயதில் ஏழெட்டு வர்ணம், கொஞ்சம் கீர்த்தனை வரைக்கும் வாய்ப்பாட்டு கற்றுக்கொண்டு பாதியில் விட்டவள் நான். யாராவது எங்காவது கல்யாணி ராகம் பாடினால் கையில் இருக்கும் வேலை அப்படியே நின்றுவிடும். கர்நாடக இசையை முறையாக, இலக்கணத்தோடு, ஒரு பட்டமாகப் படித்து முடிக்க வேண்டும் என்பது இருபது வருஷ ஆசை. அந்த ஆசையின் வேகத்தில் கேட்க வேண்டிய மற்ற கேள்விகள் எதுவும் வாயில் வரவில்லை. யாராவது ஒருவர் அன்று என்னை உட்கார வைத்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் ஒரு வருஷமும் ஒரு செமஸ்டர் கட்டணமும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பத்து மணி நேரக் கணக்கு. வகுப்பு பத்து மணி நேரம் என்பது உண்மைதான். ஆனால் போக வர மூன்று மணி நேரம். தினமும் ஒரு மணி நேரம் சாதகம், அதாவது பாட்டுப் பயிற்சி, செய்யாமல் வகுப்பில் போய் நிற்க முடியாது. அது வாரத்துக்கு ஏழு. தியரி படிக்க மூன்று. கற்றுக்கொண்ட உருப்படிகளை, அதாவது பாடல்களை, ஸ்வரப்படுத்தி ரெக்கார்டு நோட்டில் எழுத இரண்டு. மொத்தம் இருபத்தைந்து. இந்த இருபத்தைந்தை நான் சேர்ந்த இரண்டாவது மாதமே கண்டுபிடித்துவிட்டேன். ஆனால் வீட்டில் சொல்லவில்லை. பத்து என்று சொல்லித்தானே சம்மதம் வாங்கினேன், இப்போது இருபத்தைந்து என்றால் நிறுத்தச் சொல்லிவிடுவார்களோ என்று பயம். மீதிப் பதினைந்து மணி நேரத்தையும் தூக்கத்திலிருந்து எடுத்தேன். எல்லோரும் படுத்த பிறகு பத்தரை மணிக்கு மேல் சாதகம், அதுவும் சத்தம் வெளியே போகாமல். இதுதான் நான் செய்த பெரிய தவறு. பின்னால் வந்தவை எல்லாம் இதிலிருந்து கிளைத்தவைதான்.

நீங்கள் சேரப் போகிறீர்கள் என்றால் முதலில் பாடத்திட்டத்தை வாங்கி, ஒரு செமஸ்டருக்கு எத்தனை உருப்படி மனப்பாடமாக வேண்டும் என்று எண்ணுங்கள். எனக்கு முதல் செமஸ்டரிலேயே ஏழு தாள அலங்காரம் என்கிற ஸ்வரப் பயிற்சியும் மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், கூடவே இரண்டு வர்ணம், ஆறு கீர்த்தனை. சின்ன வயதில் அலங்காரம் எல்லாம் பாடியாயிற்றே என்று நினைத்தேன். பாடியதுதான், ஆனால் கையில் ஒழுங்காகத் தாளம் போட்டுக்கொண்டு, மட்டிய தாளத்துக்கும் ஜம்பை தாளத்துக்கும் அட்சரம், அதாவது எண்ணிக்கை, பத்துதான், அந்தப் பத்தைப் பிரிக்கிற அங்கம் எப்படி வேறுபடுகிறது என்று கேட்டால் விளக்கத் தெரியாது. மட்டியம் 4, 2, 4. ஜம்பை 7, 1, 2. இதைக் கை தானாகச் செய்ய எனக்கு மூன்று வாரம் ஆனது. அடுத்ததாக, பழைய கேள்வித்தாள்களைக் கேட்டு வாங்குங்கள். பிறகு அங்கே இரண்டாம் வருஷம் படிக்கிற, வேலைக்கும் போகிற ஒருவரைத் தேடிப் பிடித்து, "நீங்க உண்மையில் எத்தனை மணிக்குப் படுக்கிறீங்க?" என்று கேளுங்கள். அலுவலகத்தில் கிடைக்கும் பதிலைவிட அது பயன்படும்.

வாரம் முழுக்க விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி நான்கு மணி நேரம் பாடினால் சரியாகிவிடும் என்றும் முயன்று பார்த்தேன். ஆகவில்லை. தோடி ராகத்தில் காந்தாரம், அதாவது க ஸ்வரம், ஓரிடத்தில் நிற்காது. பக்கத்து ஸ்வரங்களான ரிஷபத்தையும் மத்யமத்தையும் தொட்டபடி அசையும். அந்த அசைவு காதில் விழுந்து, தொண்டைக்குப் பழகி, யோசிக்காமல் வருவதற்கு நாள்தான் வேண்டும், மணிக்கணக்கு அல்ல. தினம் நாற்பது நிமிஷம் வீதம் பத்து நாள் பாடினால் வந்தது, ஒரே நாளில் ஐந்து மணி நேரம் பாடியபோது வரவில்லை. உண்மையில் அந்த ஐந்து மணி நேரத்தில் தப்பான அசைவைத்தான் நன்றாகப் பழக்கிக்கொண்டேன். அதைக் கழற்ற டீச்சருக்கு ஒரு மாதம் ஆனது. அதனால் வேலைகளைச் சத்தத்தை வைத்துப் பிரித்துக்கொள்ளுங்கள். குரல் வேண்டிய வேலை ஒன்று. அதற்கு உடம்பு தெளிவாக இருக்கிற நேரத்தைக் கொடுங்கள், குறைவாக இருந்தாலும் தினமும். குரல் வேண்டாத வேலைகள் வேறு: பேருந்தில் தொடையில் தாளம் போட்டு மனதுக்குள் பாடுவது, வகுப்பில் பதிவு செய்ததைக் கேட்பது, ஸ்வரம் எழுதுவது, சாகித்ய வரிகளை மனப்பாடம் செய்வது. இவற்றை எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். நான் தலைகீழாகச் செய்தேன். காலையில் தெளிவாக இருக்கும்போது நோட்டு எழுதினேன், ராத்திரி களைத்த குரலில் பாடினேன்.

தியரியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பாட்டு தெரிந்தவர்களுக்குத் தியரி சும்மா வந்துவிடும் என்று நான் நினைத்திருந்தேன். முதல் செமஸ்டர் தியரியில் 37 மதிப்பெண் வாங்கித் தேறாமல் போனேன். தேற 40 வேண்டும். அதில் ஐந்து மதிப்பெண் போனது கடபயாதி, அதாவது எழுத்தை எண்ணாக்கும் முறை பற்றிய கேள்வியில். மேளகர்த்தா என்கிற தாய் ராகத்தின் பெயரில் முதல் இரண்டு எழுத்துக்கும் எண் கண்டு, அதைத் திருப்பிப் போட்டால் 72 மேளத்தில் அந்த ராகத்தின் எண் வரும். மாயாமாளவகௌளை என்றால் மா 5, யா 1, திருப்பினால் 15. சுலபமாகத்தான் தெரிந்தது. தேர்வில் கரகரப்ரியா வந்தது. க 1, ர 2, திருப்பினால் 21 என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். ஆனால் இந்த முறை வடமொழி எழுத்துகளை வைத்து அமைந்தது. அங்கே நான்கு க உண்டு, நான்குக்கும் வேறு வேறு எண். கரகரப்ரியாவில் வருவது இரண்டாவது க; அதற்கு எண் 2. ஆக ராகம் 22. நான் எழுதிய 21 கீரவாணி. தமிழில் எழுதும்போது நான்கும் ஒரே க ஆகிவிடுவதால் தமிழ் வழியில் தேர்வு எழுதுகிற நாம் விழுகிற குழி இது. காயகப்ரியாவில் வருவது மூன்றாவது க. 3, 1, திருப்பினால் 13. பழைய கீர்த்தனைப் புத்தகங்களில் எழுத்தின் ஓரத்தில் 2, 3, 4 என்று பொடி எண் அச்சடித்திருப்பார்கள். அது ஏன் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. 72 பெயரையும் அந்தப் பொடி எண்ணோடு எழுதிப் படியுங்கள்.

இதைவிட முக்கியமானது, அந்தத் தவறை நானே தேர்வு அறையில் பிடித்திருக்கலாம். 72 மேளமும் ஆறு ஆறாகப் பன்னிரண்டு சக்கரம். சக்கரம் எந்த வகை ரிஷப காந்தாரம் என்று சொல்லும், சக்கரத்துக்குள் ராகம் எத்தனையாவது என்பது எந்த வகை தைவத நிஷாதம் என்று சொல்லும். 21, 22 இரண்டும் நான்காவது சக்கரம். 21 என்றால் சுத்த தைவதம், காகலி நிஷாதம். 22 என்றால் சதுச்ருதி தைவதம், கைசிகி நிஷாதம். மனதுக்குள் கரகரப்ரியாவை ஒருமுறை பாடியிருந்தால் தைவதமே காட்டிக்கொடுத்திருக்கும். பதினைந்து வயதிலிருந்து பாடுகிற ராகம் அது. தாளைக் கண்டதும் பாட்டு ஒரு பக்கம், படிப்பு ஒரு பக்கம் என்று பிரிந்துபோனதுதான் என் தோல்வி. அன்று ராத்திரி அழுதேன், வெட்கத்தில். மறுநாளிலிருந்து தியரியில் எதைப் படித்தாலும் தொண்டையில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் பக்கம் திருப்புவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தியரியில் 60க்குக் கீழே இறங்கவில்லை.

இப்போது குரல். சின்ன வயதில் என் சுருதி, அதாவது பாடுகிற ஆதார ஒலியின் உயரம், ஐந்தரைக் கட்டை. கட்டை எண் கூடினால் அந்த உயரமும் கூடும். இருபது வருஷத்துக்குப் பிறகும் சுருதிப்பெட்டியை அதே ஐந்தரையில்தான் வைத்தேன். வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குப் பத்தொன்பது, இருபது வயது. அவர்கள் ஐந்தில் ஐந்தரையில் அனாயாசமாக மேலே தார ஸ்தாயி மத்யமத்தைத் தொட்டுவிட்டு வரும்போது நான் மட்டும் சுருதியைக் குறைப்பதா என்ற பொறாமை. அதைப் பொறாமை என்று ஒத்துக்கொள்ள எனக்கு ஒரு வருஷம் ஆனது. பகலில் ஆறேழு மணி நேரம் தொலைபேசியில் பேச்சு, ராத்திரி களைத்த தொண்டையில் ஐந்தரைக் கட்டையில் சாதகம், அதுவும் சத்தம் கேட்காமல் இருக்க இறுக்கிப் பிடித்துப் பாடுவது. இரண்டாவது செமஸ்டரில் காலைக் குரல் கரகரத்தது. தூக்கம் போதவில்லை, அவ்வளவுதான் என்று விட்டேன். மூன்றாவது செமஸ்டரில் பேசும்போதே குரல் உடைந்தது. பிராக்டிகலுக்கு ஒன்பது நாள் இருந்தபோது ஒரு காலையில் சுருதி போட்டு வாயைத் திறந்தேன். மேல் ஷட்ஜத்தில் காற்று மட்டும் வந்தது.

தொண்டை மருத்துவர் மெல்லிய கேமராக் குழாயை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். இரண்டு குரல்நாண்களிலும் நடுப்பகுதியில், எதிரெதிரே சின்னச் சின்னத் தடிப்பு. கையில் காய்ப்பு காய்ப்பது போல, ஓயாமல் உரசி வந்தது என்றார். இரண்டு வாரம் பேசக்கூடாது, பாடக்கூடாது, முக்கியமாகக் கிசுகிசுக்கவும் கூடாது. கிசுகிசுப்பது ஓய்வு என்று நான் நினைத்திருந்தேன். அதுவும் நாண்களுக்குச் சிரமம்தானாம். பிறகு குரல் பயிற்சியாளரிடம் அனுப்பினார். உறிஞ்சுகுழலை உதட்டில் வைத்து அதன் வழியே மெல்ல ஒலி விடுவது, வாயை மூடிக் கீழே மந்தர ஸ்தாயியில் ம்ம் என்று இழுப்பது, இப்படிச் சின்னச் சின்னப் பயிற்சிகள். கத்தி வைக்கத் தேவைப்படவில்லை. நான்கு மாதத்தில் தடிப்பு கரைந்தது. ஆனால் மூன்று வாரத்துக்கு மேல் குரல் கரகரத்தால் காத்திருக்காமல் காட்டிவிடுங்கள். நான் ஏழு மாதம் காத்திருந்தேன்.

அந்த இரண்டு வாரம் சம்பளமில்லா விடுப்பு. தொலைபேசி வேலையில் குரல் இல்லாமல் என்ன செய்ய முடியும்? பிராக்டிகல் எழுதவில்லை. செமஸ்டரை நிறுத்திவைக்க விண்ணப்பம் கொடுத்தேன். தேர்வு அட்டவணை வெளியாவதற்கு முன் கொடுத்திருந்தால்தான் கட்டணம் அடுத்த முறைக்குச் செல்லும் என்றார்கள். நான் கொடுத்தது வெளியான நான்காவது நாள். ஒன்றரை மாதச் சம்பளத்துக்குச் சமமான பணம் போயிற்று, அந்த செமஸ்டர் அடுத்த வருஷம்தான் மறுபடி வரும் என்பதால் ஒரு வருஷமும் போயிற்று. விதி எழுத்தில்தான் இருந்தது, சேரும்போது கொடுத்த கையேட்டில். நான் படிக்கவில்லை. நடுவில் நிறுத்திவைக்க வழி உண்டா, எந்தத் தேதிக்குள் சொல்ல வேண்டும், மொத்தம் எத்தனை வருஷத்துக்குள் முடிக்க வேண்டும், அரியர் எத்தனை முறை எழுதலாம், வருகைப்பதிவு குறைந்தால் என்ன ஆகும், இந்த ஐந்தையும் சேரும் முன்பே எழுத்தில் பார்த்துவிடுங்கள். குடும்பம் இருக்கிறவர்களுக்கு மூன்று வருஷத்தில் ஒருமுறையாவது ஏதாவது வந்தே தீரும். குழந்தைக்குக் காய்ச்சல் தேர்வு அட்டவணை பார்த்து வராது.

அந்த மௌனத்தில்தான் வீட்டில் நடந்தது எனக்குத் தெரிந்தது. நான் ஒரு பலகையில் எழுதிக் காட்டுவேன். மகன் அப்போதுதான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற வயது. ஒருநாள் மடியில் வந்து உட்கார்ந்து, "அம்மா, இப்ப நீ உஷ்னு சொல்ல மாட்டல்ல?" என்று கேட்டான். ஒன்றரை வருஷமாக அவனிடம் நான் அதிகம் சொன்ன சொல் உஷ் என்பது அப்போதுதான் உறைத்தது. பலகையில் எழுத எனக்கு ஒன்றுமில்லை. அன்று ராத்திரி இருபத்தைந்து மணி நேரக் கணக்கை ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்தேன். வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்? நீ தனியாவே இழுத்திருக்கியே" என்றார். கோபம்தான். கோபத்துக்குள் இருந்த வருத்தம் எனக்குப் புரிந்தது. நான் மறைத்தது நேரத்தை மட்டும் இல்லை, அவருக்கு உதவி செய்ய இருந்த வாய்ப்பையும்தான்.

அதன் பிறகு எல்லாவற்றையும் அந்தத் தாளிலிருந்து தொடங்கினோம். சாதகம் காலை 5:15 முதல் 5:55 வரை, உள் அறையில், கதவு இடுக்கில் துண்டு வைத்து. முழுக்குரலில். அந்த நாற்பது நிமிஷத்தில் மகன் விழித்தால் அவர் பார்த்துக்கொள்வார். செவ்வாய், வியாழன் மாலை இரண்டும் குழந்தைகளுக்கு. தேர்வு நாளைக்கே என்றாலும் அதைத் தொடுவதில்லை. அத்தை, "சாயங்காலம் சமையலை நான் பார்த்துக்கறேன்மா, நீ நோட்டு எழுது" என்று தானாகவே முன்வந்தார். அவரிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. அலுவலகத்தில் மேலாளரிடம் போய் மருத்துவச் சீட்டைக் காட்டி, தொலைபேசிக்குப் பதில் எழுத்தில் பதில் அனுப்பும் பிரிவுக்கு மாற்றம் கேட்டேன். இரண்டு மாதத்தில் கிடைத்தது. வேலை செய்கிற இடத்தில் படிப்பைப் பற்றிச் சொல்லக்கூடாது என்று பலர் அறிவுரை சொல்வார்கள். பேச்சே தொழிலாக உள்ளவர் பாட்டும் படிக்கிறார் என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும், குரல் ஒன்றுதான் இருக்கிறது. சுருதியை நான்கரைக் கட்டைக்கு இறக்கினேன். முதல் நாள் அந்தச் சுருதியில் பாடியபோது கீழ்ப் பஞ்சமம் இவ்வளவு கனமாக என்னிடம் இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. தேர்வாளர்கள் யாரும் கட்டைக்கு மதிப்பெண் போடுவதில்லை. சுருதி சேர்ந்திருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

பணம் எங்கே வீணானது என்றும் சொல்லிவிடுகிறேன். சேர்ந்த புதிதில் உற்சாகத்தில் ஒரு கீபோர்டும் ஒரு நல்ல மைக்கும் வாங்கினேன். இரண்டும் படிப்புக்குத் தேவைப்படவே இல்லை. கமகத்தை, ஸ்வரத்தின் அந்த அசைவை, சாதாரணக் கீபோர்டில் பிடிக்க முடியாது, ஸ்தானம் பார்க்க மட்டும் உதவும். தேவைப்பட்டவை கைப்பேசியில் சுருதிப்பெட்டி, அதிலேயே இருக்கிற குரல்பதிவு, நல்ல தாளில் நாலைந்து நோட்டு, நூலக அட்டை. ஒரு செமஸ்டர் முடியும் வரை எதையும் வாங்காதீர்கள்.

மூன்றாம் வருஷம் கற்பனைஸ்வரம், அதாவது அந்த இடத்திலேயே கற்பித்துப் பாடும் ஸ்வரம், வந்தபோது மறுபடி பயந்தேன். சின்னப் பிள்ளைகள் விரல்விட்டு எண்ணாமலே எடுப்பில், பாட்டின் அடி தாளத்தில் தொடங்கும் இடத்தில், வந்து விழுந்தார்கள். நான் தாளம் தொடங்கிக் கொஞ்சம் தள்ளி வரும் அரை இடத்து எடுப்பில் ஒவ்வொரு முறையும் முந்திவிடுவேன். கூடப் படித்த ஒரு பெண்ணிடம், என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவள், நேராகப் போய்க் கற்றுக்கொடு என்று கேட்டேன். "அக்கா, முடிவிலேர்ந்து பின்னாடி எண்ணுங்க. எடுப்புக்கு முன்னாடி எட்டு அட்சரத்தை மட்டும் நாலு விதமா பழகுங்க, அப்புறம் முன்னாடி நீட்டிக்கலாம்" என்றாள். இருபது நிமிஷத்தில் அவள் சொன்னது ஒரு மாதச் சாதகத்துக்குச் சமம். பதிலுக்கு அவளுக்கு ராக லட்சணக் கேள்விகளுக்குப் பதில் எழுதும் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். ஆரபி ராகத்துக்கும் தேவகாந்தாரி ராகத்துக்கும் ஸ்வரங்கள் ஏறி இறங்கும் வரிசையான ஆரோகண அவரோகணம் ஒன்றுபோல இருக்கும், வேறுபாடு எங்கே என்று வாய்மொழித் தேர்வில் கண்டிப்பாகக் கேட்பார்கள். ஆரபியில் காந்தாரமும் நிஷாதமும் வழிப்போக்கர் மாதிரி தொட்டும் தொடாமலும் போகும், மொத்தத்தில் ராகம் ஒரு துள்ளலோடு நடக்கும். தேவகாந்தாரி நின்று நிதானமாக, நீண்ட பிடிப்புகளில் அசையும். இப்படிச் சொல்லிவிட்டு உடனே ஒவ்வொன்றிலும் ஒரு சஞ்சாரம் பாடிக் காட்டினால் அந்தக் கேள்வி முடிந்தது.

நல்லாப் பாட வேண்டும் என்பது மட்டும்தான் உங்கள் ஆசை என்றால், இந்தப் பட்டம் தேவையில்லை. அதே இருபத்தைந்து மணி நேரத்தில் பாதியை ஒரு நல்ல குருவிடம் கொடுத்தால் இதைவிட நன்றாகப் பாடுவீர்கள். கற்பிக்க வேண்டும், மேலே படிக்க வேண்டும், அல்லது என்னைப் போல ஒரு கீர்த்தனைக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஆக வேண்டும் என்றால் சேருங்கள். கற்பிக்கும் வேலைக்காகச் சேர்கிறீர்கள் என்றால் அந்த வேலைக்கு இந்தப் பட்டம் போதுமா என்பதை, வேலை கொடுக்கிற இடத்தில் முதலில் கேளுங்கள்.

மூன்று வருஷப் படிப்பை நான்கு வருஷத்தில் முடித்தேன். கடைசிப் பிராக்டிகலுக்கு முந்தின நாள் செவ்வாய்க்கிழமை. மகன் வரைந்துகொண்டிருந்தான், நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், பாடவில்லை. மகள்தான் நோட்டை எடுத்து வந்து, "அம்மா, நான் தாளம் போடறேன், நீ மனசுக்குள்ள பாடு. எடுப்பு வந்தா கண்ணைக் காட்டு" என்று கண்ட ஜாதி அட தாளத்தைத் தொடையில் போட ஆரம்பித்தாள். ஐந்து, ஐந்து, இரண்டு, இரண்டு. பதினான்கு அட்சரமும் சரியாக விழுந்தது.